மூட்டை கட்ட பத்து பேரு, அக்ரிமென்ட்டை படிக்க ஆளில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம கடிதப் பகுதியில ஒரு வாசகர் திருச்சி ஏர்போர்ட்டை பத்தி எழுதியிருந்தாரு. ஒருத்தரை ஃப்ளைட் ஏத்திவிட ஒரு வேன் நிறைய ஆளுங்க வர்றாங்க, புது டெர்மினல் முன்னாடி போர்வைய விரிச்சு புளிசாதம் சாப்புடுறாங்க, அழுது கூச்சல் போடுறாங்க, வெளிநாட்டுக்காரன் பாத்தா என்ன நினைப்பான், இதை கட்டுப்படுத்தணும்னு. படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நீளமா இருந்தா வெட்டிக்கங்க, ஆனா கடைசியில உங்க பேப்பரை பத்தி ஒண்ணு சொல்லியிருக்கேன், அதை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் அறந்தாங்கி பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் வேலையும் பாக்குறேன். பாஸ்போர்ட் அப்ளை பண்றது, டிக்கெட் பிரின்ட் எடுக்குறது, விசா காப்பி எடுக்குறதுன்னு எங்க ஊரு, சுத்துப்பட்டு ஊருல இருந்து வெளிநாடு கிளம்புறவங்க பாதிப் பேரு என் கடை வாசலைத் தாண்டித்தான் போவாங்க. அதனால கிளம்புற வீடு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். அந்த வாசகர் பாத்தது கடைசி ஒரு மணி நேரம், நான் பாக்குறது அதுக்கு முந்தின ஒரு மாசம்.

மொதல்ல கூட்டத்தை பத்தி சொல்லிடறேன். அந்த டெர்மினல் 2024 ஜனவரி 2ம் தேதி பிரதமர் வந்து திறந்து வச்சது, ஜூன் மாசம்தான் பயன்பாட்டுக்கு வந்துச்சு, நல்லா கட்டியிருக்காங்க, ஸ்ரீரங்கம் கோபுரக் கலரெல்லாம் போட்டு பாக்கவே அழகா இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா அந்த ஏர்போர்ட் யாரால ஓடுது? துபாய், சார்ஜா, மஸ்கட், குவைத், சிங்கப்பூர், கோலாலம்பூர்னு புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினத்துல இருந்து போற கூலிக்காரங்களால ஓடுது. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வருவான்னு தெரிஞ்ச புள்ளைய ஏத்திவிட அம்மா, பொண்டாட்டி, சின்னப் புள்ளைங்க, மாமன் மச்சான் வரத்தான் செய்வாங்க. உள்ளயும் விடமாட்டாங்க, டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டுற ஆளைத்தான் விடுவாங்க, அப்புறம் வெளிய உக்காராம எங்க போவாங்க. கண்ணாடி வழியா அவன் தலை தெரியுதான்னு எட்டி எட்டிப் பாத்துட்டு, செக்-இன் முடிஞ்சுதுன்னு போன் வந்த பெறகுதான் வேனை எடுப்பாங்க, நேரம் இருந்தா சமயபுரம் போயி கும்புட்டுட்டு வீட்டுக்கு வருவாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு எனக்கு புரியல. ஒரு நிழலும் நாலு பெஞ்சும் கூட போட்டா தீர்ந்துச்சு.

எனக்கு இருக்குற வருத்தம் வேற. இத்தனை பேரு கூடுற வீட்டுல, இத்தனை நாளு நடக்குற ஏற்பாட்டுல, அந்த அக்ரிமென்ட்டையும் விசாவையும் உக்காந்து படிச்சுப் பாக்க ஒரு ஆளு கிடையாது. சத்தியமா சொல்றேன், கிடையாது. விசா வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வரும், என் கடைக்கு வந்து ரெண்டு காப்பி குடுங்கண்ணேன்னு கேப்பாங்க, பிரின்ட் எடுத்து குடுத்ததும் மடிச்சு பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சுக்கிட்டு போயிருவாங்க. தம்பி இதுல என்ன வேலைன்னு போட்டிருக்கு தெரியுமான்னு கேட்டா, ஏஜென்ட் அண்ணன் பாத்துக்குவாருன்னு பதில் வரும். பொண்ணு பாக்காம மண்டபம் புக் பண்ண கதைதான்.

ஆனா மூட்டை விஷயத்துக்கு வாங்க, அங்க ஒரு குறை சொல்ல முடியாது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குழம்புத்தூள், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு, முறுக்கு, அதிரசம், புளி, சுக்கு, தலைவலித் தைலம். மளிகைக் கடை தராசுல எடை போட்டு, முப்பது கிலோ தாண்டுதுன்னு கைலிய எடுத்துட்டு கருவாட்ட வப்பாங்க, அப்புறம் கருவாட்ட எடுத்துட்டு அதிரசத்தை வப்பாங்க. அட்டைப்பெட்டிய நைலான் கயித்துல கட்டி, மார்க்கர்ல பேரு, போன் நம்பர், ஊருன்னு நாலு பக்கமும் எழுதுவாங்க. இதை நான் கிண்டல் பண்ணல, அந்தப் பொடிதான் மொத மாச சம்பளம் வர்ற வரைக்கும் அங்க சோறு. ஆனா இதுலயும் விஷயம் தெரியாம மாட்டிக்கிறாங்க. குருமாவுக்கு ஆகும்னு கசகசா போட்டு அனுப்புறாங்க, நமக்கு அது மளிகைச் சாமான், துபாய்லயும் சவுதியிலயும் அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில் வரைக்கும் போகும். மசாலாத்தூள்ல அரைச்சுப் போட்டிருந்தாலும் அதே பாடுதான். கொப்பரைத் தேங்காய செக்-இன் பெட்டியில விடமாட்டாங்க, எண்ணெய் சத்து ஜாஸ்தி, தீப்பிடிக்கும்னு. பவர் பேங்க் அதுக்கு நேர் எதிர், அது கையிலதான் வச்சுக்கணும், பெட்டியில போட்டா திறந்து எடுப்பாங்க.

அதைவிட மோசம் பக்கத்து வீட்டு பார்சல். “என் மருமவனுக்கு முட்டி வலி மாத்திரை, சும்மா ஒரு பொட்டலம், ரூம்ல குடுத்துரு தம்பி”ன்னு கிளம்புற அன்னிக்கு காலையில ஒருத்தர் வந்து நிப்பாங்க, முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லவும் முடியாது. டிரமடால், கோடீன் இருக்குற மாத்திரையெல்லாம் நம்ம ஊருல டாக்டர் சாதாரணமா எழுதிக் குடுக்குறதுதான், ஆனா அமீரகத்துல முன்கூட்டியே அனுமதி வாங்காம கொண்டுபோனா குத்தம், பெட்டி யாரு பேர்ல இருக்கோ அவன்தான் பதில் சொல்லணும், பெரியம்மா குடுத்தாங்கன்னு அங்க சொல்லி பிரயோஜனம் இல்ல. தனக்கே மாத்திரை வேணும்னா டாக்டர் சீட்டு ஒரிஜினல் கையில இருக்கணும், அட்டைய கிழிக்காம கடை பில்லோட எடுத்துட்டுப் போகணும், அடுத்தவங்க மாத்திரைய கண்டிப்பா தொடக்கூடாது. இதை ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லி சொல்லி என் வாய் வலிக்குது.

நல்ல நேரம் பாக்குறதையும் சொல்லணும். ஃப்ளைட் ராத்திரி, கிளம்ப வேண்டிய நேரம் ராகு காலம்னா, காலையிலயே நல்ல நேரத்துல ஒரு பைய எடுத்து பக்கத்து வீட்டுல பரஸ்தானம் வச்சிருவாங்க, போறப்ப அதை எடுத்துக்கிட்டு கிளம்புவாங்க. குலதெய்வத்துக்கு ஒரு நடை, முஸ்லிம் வீடுங்கள்ல நாகூருக்கு ஒரு நடை, அப்புறம் வீட்டுல துஆ. எல்லாம் இருக்கட்டும், நானும் நம்புறவன்தான். கெட்ட நேரத்துல வாசப்படி தாண்டக்கூடாதுன்னு இவ்வளவு கவனமா இருக்குற வீடு, பையன் எந்த விசாவுல போறான்னு கேக்காம இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

குவைத்தையே எடுத்துக்கங்க. ஷூன் விசான்னா கம்பெனி வேலை, காதிம் விசான்னா வீட்டு வேலை. காதிம் விசாவுல போயிட்டு கடையில வேலை பாத்தா சட்டப்படி தப்பு, புடிச்சா திருப்பி அனுப்பிருவாங்க, மறுபடி போகவும் முடியாது. ஏஜென்ட்டு “விசா விசாதான் தம்பி, அங்க போயி மாத்திக்கலாம்”னுவான். சவுதிக்கு “ஃப்ரீ விசா”ன்னு ஒண்ணு விக்கிறாங்க, லட்சக்கணக்குல காசு. அப்படி ஒரு விசாவே சட்டத்துல கிடையாது, எவனோ ஒரு கஃபீல், அதாவது அங்க ஸ்பான்சர் பண்ற முதலாளி, பேருல எடுத்துட்டு வெளிய வேற எங்கயோ வேலை பாக்குறதுக்கு இவங்களா வச்சிக்கிட்ட பேரு அது. துபாய்க்கு இப்ப புது வழி, விசிட் விசாவுல போயி அங்க வேலை தேடிக்கலாம்னு. ஏஜென்ட்டுங்களுக்கு அது ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னா, அதுல எமிகிரேஷன் கிளியரன்ஸ் தொல்லை இல்ல.

அந்த கிளியரன்ஸ் என்னன்னு நிறைய பேருக்கு தெரியல, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். டென்த் பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டுல இசிஆர்னு, அதாவது எமிகிரேஷன் செக் தேவைன்னு, அடிச்சிருக்கும். அந்த பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, வளைகுடா நாடுகள் ஆறும் அதுல இருக்கு, மலேசியா, தாய்லாந்து, ஈராக், லிபியா எல்லாம் இருக்கு, சிங்கப்பூர் இல்ல, 1983 எமிகிரேஷன் சட்டப்படி அரசாங்கத்துக்கிட்ட கிளியரன்ஸ் வாங்கணும். நம்ம மாநிலத்துக்கு ஆபீஸ் சென்னையில இருக்கு, அப்ளை பண்றது எல்லாம் மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்டுலதான். இதுக்காக கம்பெனி யாரு, சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டான்னு அக்ரிமென்ட் காட்டணும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் போடணும். விசிட் விசான்னா இது எதுவும் கேக்கமாட்டாங்க, அதனாலதான் படிக்காத பையன்களை விசிட் விசாவுல தள்ளிவிடறான். எமிகிரேஷன் கவுன்டர்ல ஆபீசருக்கு சந்தேகம் வந்து நாலு கேள்வி கேட்டா பையன் உளறுவான், ஆஃப்லோட்னு சொல்லி ஃப்ளைட் ஏறவிடாம நிறுத்திருவாங்க, வழியனுப்ப வந்த வேன்லயே திரும்பி வருவான். அப்படி திரும்பி வந்த வீட்டுல இழவு விழுந்த மாதிரி இருக்கும், கடன் குடுத்தவன் மறுநாளே வந்து நிப்பான். என்னைக் கேட்டா, தப்பிச்சு உள்ள போயிட்டவனோட கதை இதைவிட மோசம், அங்க ஒருத்தன் ரூம்ல ஒளிஞ்சு கெடக்கணும், சம்பளம் குடுக்கலன்னா கேக்க நாதி கிடையாது, புகார் குடுக்கப் போனா இவன்தான் மொதல்ல குத்தவாளி.

இந்த இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா, வரி தனி. விபத்துல செத்தாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம். அதிரசத்துக்கு வெல்லம் வாங்குற காசு கூட இல்ல இது. 2024 ஜூன் 12ம் தேதி குவைத் மங்காஃப்ல தொழிலாளிங்க தங்கியிருந்த கட்டடம் எரிஞ்சுச்சே, நம்ம இந்தியாக்காரங்க மட்டும் 45 பேரு போனாங்க, அதுல தமிழ்நாட்டு ஆளுங்க 7 பேரு. அன்னிக்கு எங்க ஊருல குவைத்துல ஆள் இருக்குற வீடு பூராவும் போனும் கையுமா இருந்துச்சு, கம்பெனி பேரு என்னன்னு கேட்டா பாதி வீட்டுல தெரியல, எந்த ஏரியான்னு தெரியல, பாலிசி இருக்கான்னு கேட்டா அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. பாலிசி காப்பியும் பாஸ்போர்ட், விசா, அக்ரிமென்ட் காப்பியும் ஒரு செட்டு வீட்டுல பீரோவுல இருக்கணும், போனவன் பையிலயே எல்லாத்தையும் போட்டு அனுப்பிட்டு இங்க உக்காந்து அழுது என்ன பண்றது.

அமீரகத்துல 2016லேர்ந்து வேலைக்கான ஆஃபர் லெட்டரை அரபி, இங்கிலீஷோட சேத்து தொழிலாளிக்கு புரியிற மொழியிலயும் குடுக்கணும்னு விதி, அந்த மொழிங்கள்ல தமிழும் ஒண்ணு. எத்தனை பேரு இதை கேட்டு வாங்குறாங்க? யாரும் கேக்குறதில்ல, கேக்கலாம்னே தெரியாது. அதுல அடிப்படை சம்பளம் தனியா, அலவன்ஸ் தனியா போட்டிருக்கும், நம்ம ஆளு மொத்தத் தொகைய மட்டும் வாயால கேட்டுட்டு போவான். வேலைய முடிச்சு வர்றப்ப குடுக்குற பணிக்கொடைய அடிப்படை சம்பளத்தை வச்சுத்தான் கணக்கு பண்ணுவாங்கன்னு அங்க போன பெறகுதான் உறைக்கும்.

காசு விஷயத்துல இன்னும் கொடுமை. லைசென்ஸ் வச்சிருக்குற ஏஜென்ட் ஒரு ஆளுகிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபா, அது மேல ஜிஎஸ்டி, அவ்வளவுதான், ரசீதும் குடுக்கணும். எங்க பக்கம் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்னு நகைய அடகு வச்சு குடுக்குறாங்க, ரசீது கேட்டா “என்மேல நம்பிக்கை இல்லையா மாப்ள”ன்னு ஒரே வசனம். வாங்குறவன் பெரும்பாலும் ஏஜென்ட்டே இல்ல, சப் ஏஜென்ட், நம்ம தெருக்காரன், சொந்தக்காரன், முன்னாடி அங்க இருந்துட்டு வந்தவன். சொந்தக்காரன்கிட்ட எப்படி கேள்வி கேக்குறதுன்னு வாய மூடிக்கிறாங்க. பதிவு இல்லாம ஆள் எடுத்து அனுப்புறது குத்தம்னு அதே 1983 சட்டத்துல இருக்கு, மாமன் மச்சானா இருந்தாலும் குத்தம்தான்.

டிகிரி முடிச்சவன் ஏமாறமாட்டான்னு நினைக்காதீங்க. 2022ல தாய்லாந்துல ஐடி வேலைன்னு சொல்லி கூட்டிட்டுப் போயி எல்லை தாண்டி மியான்மர்ல மியாவாடில அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி வேலை பாக்கவச்சாங்களே, அதுல சிக்குனவங்க படிச்ச பசங்கதான், நம்ம தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க. படிச்சவனுக்கு கிளியரன்ஸ் வேண்டாம், அதனால எந்தக் கட்டத்துலயும் யாரும் நிறுத்தி கேக்கமாட்டாங்க.

அப்புறம் வீட்டுப் பக்கம் பாக்க வேண்டியது சிலது இருக்கு, எங்க கடைக்கு வந்து பின்னாடி அழுகுறவங்களை வச்சு சொல்றேன். பேங்க் அக்கவுன்ட்டு, ஆதாரு எல்லாம் ஒரு சிம்முல இருக்கும், அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாம 90 நாளு உபயோகிக்காம விட்டா கட்டாயிரும், அப்புறம் நம்பரு வேற ஆளுக்கு போயிரும், ஓடிபி வராது, காசு எடுக்க முடியாது, துபாய்ல இருந்துக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. நிலம் விக்கிற வேலை, பாகப்பிரிவினை ஏதாவது இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே சார்பதிவாளர் ஆபீசுல நம்பிக்கையான ஆளுக்கு பவர் எழுதிக் குடுத்துட்டு போயிரணும், அங்க போயிட்டு எழுதணும்னா எம்பஸில அட்டெஸ்ட் பண்ணி அனுப்பி, இங்க வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டின்னு அலையவிடும், லீவும் கிடைக்காது. பேங்க் பாஸ்புக்குல நாமினி யாருன்னு பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச அக்கவுன்ட்டா இருந்தா அப்பா பேரு இருக்கும், அப்பா போயி சேந்திருப்பாரு.

உதவிக்கு ஆள் இல்லன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லேர்ந்து இருக்கு, இசிஆர் பாஸ்போர்ட்டுல வீட்டு வேலைக்குப் போற பெண்கள் 30 வயசு முடிஞ்சிருக்கணும், இந்த மாதிரி அரசு நிறுவனங்கள் வழியாத்தான் போகணும், தெரு ஏஜென்ட் வழியா போகவே கூடாது. அயலகத் தமிழர் நலனுக்குன்னு மாநில அரசுல தனித் துறையே இருக்கு, 1800 309 3793க்கு இங்கேருந்து கூப்பிட்டா காசு இல்லாம பேசலாம். துபாய் போயி சிக்கலாயிட்டா நம்ம இந்தியத் தூதரக உதவி மையத்துக்கு 800 46342, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் பயிற்சி இலவசமா நடத்துறாங்க, அந்த நாட்டு சட்டம், பழக்கவழக்கம், யாருகிட்ட புகார் குடுக்கணும், எல்லாம் சொல்லித் தருவாங்க. ஆனா போயிட்டு வர செலவு, ஒரு நாள் கூலி போகும்னு யாரும் போறதில்ல. இதை ஒவ்வொரு தாலுகா ஆபீசுலயும் மாசத்துக்கு ஒரு நாள் நடத்துனா என்ன கெட்டுப்போச்சு? எங்க அறந்தாங்கில நடத்துனா மண்டபம் வாடகை நான் பேசி முடிச்சு தர்றேன்.

ஒண்ணு மட்டும் வீட்டுக்காரங்களுக்கு சொல்லிக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு வர்ற வேன்ல மாமாவும் வரட்டும், சித்தப்பாவும் வரட்டும், யாரும் குறைய வேண்டாம். பத்து நாள் முன்னாடி அதே ஆளுங்கள்ல ஒருத்தர், காலேஜ் படிக்கிற பொண்ணோ டீச்சர் வேலை பாக்குற அத்தையோ, அந்த விசாவையும் அக்ரிமென்ட்டையும் கையில வாங்கி ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சு வீட்டுல எல்லாருக்கும் கேக்கவைங்க. கம்பெனி பேரு ரெண்டுலயும் ஒண்ணா இருக்கா, வேலை ஒண்ணா இருக்கா, சம்பளம் ஏஜென்ட் சொன்னதும் எழுதியிருக்குறதும் ஒண்ணா, பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுமா. படிக்கத் தெரியலன்னா என் கடைக்கு கொண்டாங்க, படிச்சுக் காட்டுறதுக்கு நான் காசு வாங்குறதில்ல, ஜெராக்ஸுக்கு மட்டும்தான்.

இனிமே உங்களுக்கு, ஆசிரியர் அய்யா. உங்க பேப்பர் வரி விளம்பரத்துல வெளிநாட்டு வேலைன்னு ஒரு பத்தி வருது. “குவைத், கத்தார், டிரைவர், ஹெல்பர், உடனடி விசா, சம்பளம் நேரில்”னு போட்டு கீழ ஒரு செல் நம்பரு. கம்பெனி பேரு இல்ல, ஏஜென்ட் லைசென்ஸ் நம்பரு இல்ல. பேப்பர்லயே வந்துருக்கேன்னு சொல்லித்தான் பசங்க அந்த விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கிட்டு என் கடைக்கு வர்றாங்க. லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட் லிஸ்ட் இமைக்ரேட் வெப்சைட்டுல யாரு வேணாலும் பாக்கலாம், நம்பர் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். உங்க விளம்பரப் பிரிவுல விளம்பரம் வாங்குறப்பவே அந்த நம்பரை கேளுங்க, லிஸ்ட்டுல சரி பாத்துட்டு நம்பரோட போடுங்க, குடுக்காதவன் விளம்பரத்தை எடுக்காதீங்க. வருமானம் கொஞ்சம் குறையும், அது எனக்கும் தெரியும், பேப்பர் நடத்துறது சிரமம்தான். அதுக்காக அந்தப் பத்தி இப்ப இருக்குறபடியே இருக்கட்டும்னு சொல்லிட முடியல. இதுக்கு உங்க பதில் என்னன்னு கடிதத்துக்கு கீழயே போட்டா கடையில வெட்டி ஒட்டி வைக்கிறேன், வர்றவங்க படிக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்.